ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு

 

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், கிளேர்மான்ட் பகுதிப் பள்ளிவாசலின் இமாமாகப் பணியாற்றியவர்கள் அப்துல்லாஹ் ஹாரூன் அவர்கள். நிறவெறி ஆட்சியை வெளிப்படையாகக் கண்டித்தார்கள். 1969 மே 28இல் கைதாகி, 123 நாட்களுக்குப் பின் காவலிலேயே வஃபாத்தானார்கள். மேனியெங்கும் கன்றிய காயங்கள். விலா எலும்பும் முறிந்திருந்தது. படிக்கட்டில் தவறி விழுந்தார் என்றது காவல்துறை. 1970 விசாரணையும் எவர் மீதும் பொறுப்புச் சுமத்தவில்லை.

இது அரசு உரைத்த பொய். நாம் பேசத் தயங்கும் மறுபாதியும் உண்டு. ஜனாஸாவில் பல்லாயிரவர் திரண்டனர். ஆனால் அவர்கள் சிறையில் வாடிய நான்கு மாதங்களில் அந்நகரத்து உலமாக்களில் பலர் வாய் திறக்கவில்லை. அரசியலில் தலையிட்டால் சமுதாயத்திற்குத் தீங்கு வரும் என்று அஞ்சினர். (நமக்கும் பழக்கமான நியாயந்தான்!) கொடியவனின் குற்றத்தைச் சொல்வது எளிது, நம்மவரின் மௌனத்தைச் சொன்னால் ஜமாஅத் பிளவுபடும் என்பார்கள். பேசாதிருந்ததால் அங்கே மனக்கசப்பு மறைந்துவிடவில்லை. தலைமுறை தாண்டியும் நீடித்தது.

நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின், 1996இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் பொது விசாரணைகளைத் தொடங்கியது. குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொள்வோர் மன்னிப்புப் பெறலாம் என்பது ஏற்பாடு. அங்கும் இம்மரணத்திற்கு விடை கிடைக்கவில்லை.

குடும்பத்தார் விடவில்லை. 2022 நவம்பரில் விசாரணை மீண்டும் தொடங்கிற்று. 2023 அக்டோபரில் நீதிபதி டேனியல் துலாரே, சித்திரவதையே மரணத்திற்குக் காரணம் எனத் தீர்ப்பளித்தார். இமாமின் துணைவியார் கலீமா அம்மையார் 2019 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார்கள். பிள்ளைகளே அத்தீர்ப்பைப் பெற்றனர்.