தீவனப் பயறும் உயிரிச் சுத்திகரிப்பு ஆலையும்

கேரள–தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வெள்ளறடை, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிராமங்களின் பிள்ளைகள் இந்தப் பட்டமளிப்பு அவையில் அமர்ந்திருப்பதால், அவர்கள் வீட்டு நிலத்தில் வளரக்கூடிய தீவனப் பயறுகளின் பொருளாதாரத்தையே இவ்வுரை எடுத்துக்கொள்கிறது. இவ்வுரையாளரின் மாணவப் பருவத்தில் பாடநூலின் கடைசிப் பக்கங்களில் ஒதுங்கிக் கிடந்த பயிர்கள் அவை; பின்னாளில் அவருடைய பணிக்காலத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டவையும் அவையே.

உயிரிச் சுத்திகரிப்பு ஆலை என்பது ஒரே தாவரப் பொருளிலிருந்து புரதம், நார், எரிவாயு எனப் பல பண்டங்களை அடுத்தடுத்துப் பிரித்தெடுக்கும் ஆலையாகும். குதிரைமசால் போன்ற பசுந்தழையை நசுக்கிப் பிழிந்தால் கரும்பச்சைச் சாறு ஒருபுறமும் நார்ச்சக்கை மறுபுறமும் பிரிகின்றன. சாற்றை ஏறத்தாழ 80 பாகை செல்சியசுக்குச் சூடாக்கும்போது புரதம் திரிந்து கட்டியாகிறது. அதை வடித்து உலர்த்தினால் கோழித் தீவனத்துக்கு ஆகிறது, சக்கை மாட்டுக்கு ஆகிறது, எஞ்சும் பழுப்பு நீர் எரிவாயுக் கலனுக்குப் போகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய உயிர்வேதியியலாளர் என். டபிள்யூ. பிரீ முன்வைத்த இந்த வழியை மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமும் ஆராய்ந்தது. பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் 1970களிலிருந்து அது தொழிலாகவே நடந்து வருகிறது.

இத்தகைய ஆலைக்குத் தழை தர வேண்டிய எல்லைக் கிராமங்களின் நிலமோ சென்ட் கணக்கில் துண்டுபட்டது, அதிலும் ரப்பரே மிகுதி. கன்று நட்டுப் பால்வெட்டுத் தொடங்க ஏழாண்டளவு ஆகும் என்பதால், மரங்களின் நிழல் கூடும் வரையுள்ள முதல் மூன்று நான்கு ஆண்டுகள் வரிசைகளுக்கிடையே தோட்டப்பயறு எனும் பியூரேரியாவை மண்காப்புக்காக விதைப்பது பழைய வழக்கம். பின்னர் திரிபுராவிலிருந்து வந்த மியூக்குனா பிராக்டியேட்டா பல தோட்டங்களில் அதன் இடத்தைப் பிடித்ததற்கு, அது வறட்சியைத் தாங்குவதோடு மாடு அதை விரும்பி மேயாததும் காரணமாயிற்று. தீவனத்தை விலைக்கு வாங்கும் ஊரில் மாடு தின்னாத பயறே தோட்டத்துக்கு நல்லது என்று கணக்கு முடிந்திருப்பது வருந்தத்தக்கது. அந்தக் கணக்கில் இன்னொரு வரவும் குறைத்தே மதிப்பிடப்படுகிறது: 45 கிலோ யூரியா மூட்டை மானியத்தில் ஏறத்தாழ 242 ரூபாய்க்குக் கிடைப்பதால் ஒரு கிலோ தழைச்சத்தின் விலை 12 ரூபாயளவில் நிற்கிறது, வேர்முடிச்சுகளில் ரைசோபியம் நுண்ணுயிர் காற்றிலிருந்து பிடித்துத் தரும் தழைச்சத்தையும் உழவர் அந்த விலைக்கே மதிப்பிட நேர்கிறது.

எனினும் தழையைப் பிழியும் தொழிலைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். ஒரு டன் பசுந்தழையில் ஏறத்தாழ 800 கிலோ தண்ணீர். எஞ்சும் 200 கிலோ உலர்பொருளில் புரதம் 40 கிலோவுக்கு மேல் தேறுவது அரிது. அதிலும் ஒரு பகுதியே சாற்றோடு பிரிந்து வருகிறது. பானிப்பட்டில் 2022இல் தொடங்கப்பட்ட எத்தனால் ஆலை வைக்கோலைக் கட்டுகளாக வாங்கி அடுக்கி வைக்கலாம், ஆனால் அறுத்த பயறோ சில மணி நேரத்தில் சூடேறிக் கெடத் தொடங்கும். ஆகவே தொலைதூரப் பேராலைக்குப் பசுந்தழை ஏற்றும் திட்டம் லாரி வாடகையிலேயே கரைந்துவிடும். பிழிபொறி கிராமத்துக்கு வந்தாக வேண்டும். அமிலத்தன்மை மிகுந்த இந்தச் செம்மண்ணுக்குக் குதிரைமசால் ஒவ்வாது என்பதால் முயல்மசாலும் தட்டைப்பயறுமே இங்கு முதலில் சோதிக்கத் தக்கவை. அச்சோதனைக்கு வழிகாட்ட, திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டிலுள்ள தேசிய பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் உயிரி எரிபொருள் அறிந்தவர்கள் அருகிலேயே இருக்கின்றனர்.

ஆலை வாங்கும் தழைக்கு விலையைப் பச்சை எடைக்குப் போடுவது நியாயமாகாது, ஏனெனில் மழை நாளில் அறுத்தவர் தண்ணீருக்கும் காசு பெறுவார், வெயிலில் அறுத்தவர் இழப்பார். ரப்பர் பாலை டி.ஆர்.சி. எனும் உலர் ரப்பர் அளவைப் பார்த்து விற்கும் இவ்வூராருக்கு உலர்பொருளுக்கு விலை என்பது புதிதன்று. அதே முறையில் தழையின் உலர்பொருளையும் புரதத்தையும் அளந்து விலை வகுக்கும் பணிக்கு இங்குள்ள பட்டதாரிகள் வர வேண்டும் என்பதே இவ்வுரையாளரின் வேண்டுகோள். பிழிந்த சக்கையைத் தழை தந்தவருக்கே அவரவர் பங்குக்கு ஏற்பத் திருப்பித் தரும் நிபந்தனையும் ஆலையோடு உழவர் செய்யும் ஒப்பந்தத்தில் இடம்பெற்றாக வேண்டும், ஏனெனில் வீட்டில் நிற்கும் ஓரிரு பசுக்களுக்குத் தீவனம் குறைந்தால், அதை ஈடுகட்டப் பிண்ணாக்கு வாங்கும் செலவு ஆலை தந்த பணத்தை விழுங்கிவிடும்.