எல்லோருக்கும் ஒரே வெயில்தானா?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"சிவில் படிச்சவன் தோல் வியாதியைப் பத்தி என்ன பேசப் போறான்?" என்று சிலர் நினைக்கலாம். கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துவது என் தொழில். வெயிலில் எவ்வளவு உள்ளே வரும் என்பது எனக்கு அன்றாடக் கணக்கு. அதற்காகப் படித்தபோதுதான் ஆக்டினிக் ப்ரூரிகோ என்ற நோய் கண்ணில் பட்டது.

வெயில் பட்டால் வரும் நோய் இது. மெக்சிகோ, குவாத்தமாலா, கொலம்பியா, பெரு நாடுகளின் பூர்வகுடி மக்களிடமும், அவர்கள் வழிவந்த கலப்பினத்தாரிடமும், கனடாவின் க்ரீ, இனூயிட் மக்களிடமும் அதிகம். பெரும்பாலும் பத்து வயதுக்குள் ஆரம்பிக்கும். பெண் பிள்ளைகளுக்கே கூடுதல். முகத்திலும் கைகளிலும் தாங்க முடியாத அரிப்போடு தடிப்புகள் எழும். சொறிந்து சொறிந்து தழும்பாகும். கீழுதடு வெடிக்கும், கண் சிவக்கும். எக்ஸிமா என்றோ பூச்சிக்கடி என்றோ நினைத்து வைத்தியம் பார்த்தே வருடங்கள் ஓடிவிடுவதும் உண்டு.

வெயில் எல்லோர் மேலும்தானே படுது, இவங்களுக்கு மட்டும் ஏன்? விடை மரபணுவில் இருக்கிறது. நம் உடம்பின் செல்களில் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் உண்டு. "இது நம்ம ஆள், இது அந்நியம்" என்று வெள்ளணுக்களுக்குக் காட்டிக்கொடுப்பது இவற்றின் வேலை. புற ஊதாக் கதிர் தோலில் ஏதோ ஒன்றை லேசாக மாற்றிவிட, சிலவகை எச்.எல்.ஏ. அதை அந்நியமாகக் காட்டிவிடுகிறது. உடம்பு தன் தோலோடு தானே சண்டைக்கு நிற்கிறது என்பது மருத்துவர்களின் கருத்து. 1997-ல் வந்த மெக்சிகோ ஆய்வில், நோயாளிகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் டி.ஆர்.4 வகை இருந்தது. அவர்களில் பெரும்பாலோரிடம் அதன் உட்பிரிவான 0407.

"அப்போ இது அந்த இனத்தோட வியாதி" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிரிட்டனில் இந்நோய் வந்தவர்களிலும் சுமார் 60 சதவீதம் பேரிடம் அதே 0407 இருந்தது. அங்கே பொதுமக்களிடம் அது அரிது. இனூயிட் மக்களிடம் கூடுதலாகக் காணப்பட்டதோ வேறு வகை. அதுமட்டுமில்லை, மெக்சிகோவில் 0407 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோயே வருவதில்லை.

நம்ம பாஷையில் சொன்னால், பீம் விரிசல் விட்டால் கான்கிரீட்டை மட்டும் குற்றம் சொல்ல மாட்டோம். லோடு எவ்வளவு என்றும் கேட்போம். மரபணு கான்கிரீட் என்றால், வெயில்தான் லோடு. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். மெக்சிகோ நகரம் இருப்பதோ 2,240 மீட்டரில். இனூயிட் நாட்டில் புதுப்பனி அந்தக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கும்.

மருந்து இருக்கிறதா? இருக்கிறது. அதன் பெயர் கேட்டால் திடுக்கிடுவீர்கள்: தாலிடோமைடு! கர்ப்பிணிகள் சாப்பிட்டு, கைகால் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்ததால் 1961-ல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்ட அதே மருந்து. 1973-ல் கொலம்பியாவில் இந்நோய்க்கு அது நன்றாக வேலை செய்வதாகக் கண்டார்கள். ஆனால் நோய் கூடுதலாக வருவது பெண்களுக்கு. கர்ப்பம் தரிக்காமல் கடுமையான கட்டுப்பாடு வேண்டும்; நரம்புகளையும் கவனிக்க வேண்டும். அருகில் டாக்டர் இல்லாத மலைக்கிராமத்தில் இதெல்லாம் லேசா?

மரபணுவை நாம் மாற்ற முடியாது. லோடைக் குறைக்கலாம். சாதாரண ஜன்னல் கண்ணாடி யு.வி.பி. கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், யு.வி.ஏ. தாராளமாக உள்ளே வரும். இந்நோயைப் பலருக்குக் கிளப்புவது அதுவும்தான். ஆகவே ஜன்னலோரம் உட்காரும் குழந்தைக்கு வகுப்பறைக்குள்ளும் நிம்மதியில்லை. நடுவில் பி.வி.பி. படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய முழுவதையும் நிறுத்திவிடும். அது இல்லையென்றால் ஜன்னலுக்கு ஒரு ஃபிலிம், விளையாட்டுத் திடலுக்கு ஒரு கூரை, காலையிலேயே முடியும் விளையாட்டு வகுப்பு. பெரிய விஞ்ஞானமில்லை, நாம் போடுகிற டிராயிங்தான்.

தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் எந்த நாட்டில் எதைக் கட்டினாலும், "சராசரி மனிதனுக்கு" மட்டும் கட்டாதீர்கள். அந்த வெயில் தாங்காத ஒரு குழந்தையும் உள்ளே உட்காரப்போகிறது என்று நினைத்துக் கட்டுங்கள்.