இரவுக் காவலும் கரடிப் பொம்மையும்



ஆடுபவரையே அச்சுறுத்தும் வீடியோ விளையாட்டுகளைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறோம். தோட்டப் பள்ளி ஆசிரியருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஓர் ஆண்டுக்கு முன்பு நாமும் அப்படித்தான் கேட்டிருப்போம்.

நம் வகுப்பில் ஒரு மாணவன். ஐந்தாம் ஆண்டு படிப்பவன், கணக்கில் கெட்டிக்காரன். அவன் வகுப்பில் தூங்கத் தொடங்கினான். முதலில் ஒரு நாள், பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள். பட்டப்பகலில் கழிவறைக்குப் போகவும் துணை தேடினான். அண்ணனுடைய பழைய கைத்தொலைபேசியில் பேய் விளையாட்டு ஆடுகிறான் என்று அவனுடைய சித்தப்பா மகள் வந்து சொன்னாள். நாம் என்ன செய்தோம்? ஆசிரியர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தோம். திங்கட்கிழமை சபைகூடலில் ஏறி நின்று, அந்த விளையாட்டின் பெயரைச் சொல்லி, யாரும் அதைத் தொடக்கூடாது என்று கண்டித்துப் பேசினோம். அதுவரை நம் பள்ளியில் அந்தப் பெயரை அறிந்தவர்கள் நாலைந்து பேர்தாம். புதன்கிழமைக்குள் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள்கூட அந்தக் கரடியைப் படம் வரைந்துகொண்டிருந்தார்கள்!

இன்னதென்று தெரியாத ஒன்றைத் தடை செய்தோமே என்று மனம் உறுத்தியது. பள்ளி விடுமுறையில் அண்ணன் மகனை வரவழைத்து, அவன் துணையோடு நாமே அதை ஆடிப் பார்த்தோம்.

அதன் பெயர் 'ஃபைவ் நைட்ஸ் அட் ஃபிரெடீஸ்'. ஃபிரெடியின் கடையில் ஐந்து இரவுகள் என்று சொல்லலாம். 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கரான ஸ்காட் காத்தன் என்பவர் இதை வெளியிட்டார். அதற்கு முன் அவர் பீவர் என்னும் விலங்குகளைக் கொண்டு சிறுவர்களுக்காக ஒரு விளையாட்டு செய்திருந்தார். அதிலுள்ள உருவங்கள் பயமுறுத்தும் இயந்திரப் பொம்மைகளைப் போல் இருக்கின்றன என்று பலர் குறை கூறினார்கள். மனிதர் சோர்ந்து போனாலும், அந்தக் குறையையே முதலாக வைத்து அடுத்த விளையாட்டைச் செய்துவிட்டார். 2023இல் அது திரைப்படமாகவும் வந்தது.

கதை எளியது. பீட்சா விற்கும் ஓர் உணவுக்கடை. பகலில் பிள்ளைகளை மகிழ்விக்க அங்கே கரடி, முயல், கோழி, நரி என்று ஆளுயர இயந்திரப் பொம்மைகள் ஆடிப்பாடும். இரவில் அவை தாமாகவே உலவத் தொடங்கும். ஆடுபவர்தான் அக்கடையின் இரவுக் காவலாளி. நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஆறு வரை காவல். உண்மையில் ஓர் இரவு பத்து நிமிடத்துக்கும் குறைவுதான்; ஆனால் அது எவ்வளவு நீண்ட பத்து நிமிடம் என்பது ஆடிப் பார்த்தால் தெரியும். காவலாளி நாற்காலியை விட்டு எழ முடியாது. முன்னால் கண்காணிப்புக் கேமராக்களின் படங்கள். இடப்புறம் ஒரு கதவு, வலப்புறம் ஒரு கதவு. பொம்மை நெருங்கினால் கதவை மூடலாம். மூடினால் மின்சாரம் செலவாகும். விளக்கைப் போட்டாலும் செலவு, கேமராவைப் பார்த்தாலும் செலவு. மின்சாரமோ அளந்துதான் கொடுக்கப்பட்டிருக்கிறது. அது தீர்ந்தால் இருள். இருளில் கரடியின் முகம் மட்டும் மின்னி மின்னித் தெரிய, ஓர் இன்னிசை கேட்கும். அதன் பிறகு நடப்பதைச் சொல்லத் தேவையில்லை.

நாம் இரண்டாம் இரவிலேயே தோற்றோம். தோற்றதோடு நிற்காமல், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தும் விட்டோம். நாற்பதைத் தாண்டிய ஆசிரியர், பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் படித்தவர், ஒரு கரடிப் பொம்மைக்குப் பயந்து எழுந்து நிற்கிறார். அண்ணன் மகன் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும்.

பயம் தெளிந்த பிறகு, நம்மை இது எப்படிப் பயமுறுத்தியது என்று யோசித்தோம். அந்த விளையாட்டில் பெரும்பாலும் ஒன்றுமே நடப்பதில்லை. பொம்மை நடந்து வருவதைக் காண்பது அரிது. ஒரு கேமராவில் பார்க்கிறோம். முயல் மேடையில் நிற்கிறது. வேறு கேமராவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். மேடையில் முயல் இல்லை. அது நடந்த நடையெல்லாம் நம் மனத்துக்குள்ளேதான் நடக்கிறது. சமையலறைக்கும் ஒரு கேமரா உண்டு. ஆனால் அதில் படம் வராது. பாத்திரங்கள் உருளும் ஓசை மட்டும் கேட்கும். வானொலி நேயர்களாகிய உங்களுக்கு இதன் வலிமையை நாம் விளக்க வேண்டியதில்லை. வானொலி நாடகத்தில் கதவு கிறீச்சிட்டபோது உங்களில் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பீர்கள்!

மறுபடியும் ஆடினோம், இம்முறை ஒலியை முழுவதும் அடைத்துவிட்டு. பயம் பாதிக்கு மேல் போய்விட்டது. திரையில் சில படங்கள் மாறி மாறி வந்தன, அவ்வளவுதான்.

ஓசையால் ஆளைப் பதறவைக்கும் வித்தை இத்துறைக்குப் புதிதன்று. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக தொமோஹிரோ நிஷிகாடோ செய்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் நான்கே தாழ்ந்த சுரங்கள் நெஞ்சுத் துடிப்பைப் போல் திரும்பத் திரும்ப ஒலிக்கும். எதிரிகள் குறையக் குறைய அவர்களின் வேகம் கூடும், துடிப்பும் விரைவுபடும். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் இயந்திரம் தானாகவே வேகம் கொண்டது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். பேய் இல்லை, இருட்டறை இல்லை. ஆனாலும் ஆடுபவரின் கை வியர்த்தது.

ஒலியே எழுப்ப முடியாத கணினியிலும் ஒருவர் பயத்தை உண்டாக்கினார். 1981இல் மால்கம் எவன்ஸ் என்னும் ஆங்கிலேயர், 'சின்க்ளேர் இசட்எக்ஸ்81' என்ற சிறு கணினிக்காக 'த்ரீ-டி மான்ஸ்டர் மேஸ்' என்ற விளையாட்டை எழுதினார். 16 கிலோபைட் நினைவகம். கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலான ஒரு சுற்றுவழிக் கோட்டை. அதற்குள் ஒரு டைனோசர். காலடி ஓசை நெருங்குகிறது என்று திரையின் அடியில் எழுத்தில் அறிவிப்பு வரும். பிறகு, பின்னால் வந்துவிட்டது, ஓடு என்று வரும். படித்தவர்கள் ஓடினார்கள்.

நமக்கு மிகவும் பிடித்த செய்தி வானொலி தொடர்பானது. 1999இல் கொனாமி நிறுவனம் வெளியிட்ட 'சைலன்ட் ஹில்' விளையாட்டில், காணாமற்போன மகளைத் தேடி ஒரு தகப்பன் பனிமூட்டம் சூழ்ந்த ஊரில் அலைகிறான். அந்தப் பனிமூட்டமே ஒரு தந்திரம். அக்காலத்து இயந்திரத்தால் தொலைவிலுள்ள வீடுகளையும் தெருக்களையும் விரைவாக வரைந்து காட்ட முடியாது. ஆகவே அவற்றைப் பனியால் மறைத்தார்கள். இயலாமையை மறைக்கப் போட்ட திரை, ஆடுபவருக்கு அச்சமாயிற்று. தகப்பனிடம் ஒரு சிறு வானொலிப் பெட்டி இருக்கும். அதில் பாட்டும் வராது, செய்தியும் வராது. கொடிய உருவம் ஏதேனும் அருகில் இருந்தால் கரகரவென்று இரையும். எந்தத் திசையில் என்று அது சொல்லாது. பனிக்குள் நின்றுகொண்டு அந்த இரைச்சலைக் கேட்பதுதான் அந்த விளையாட்டிலேயே கொடுமையான நேரம். 1996இல் கேப்காம் நிறுவனத்தின் 'ரெசிடென்ட் ஈவில்' விளையாட்டில் அறைக்கு அறை கதவு மெல்லத் திறக்குமே, அதுவும் அடுத்த அறையை இயந்திரம் வட்டிலிருந்து எடுக்கும் நேரத்தை மறைக்கச் செய்த ஏற்பாடுதான்.

நம் அண்டை நாட்டாரும் சும்மா இருக்கவில்லை. இந்தோனேசியாவின் பண்டுங் நகரில் செய்து 2014இல் வெளிவந்த 'டிரெட்அவுட்' விளையாட்டில், பள்ளி மாணவி ஒருத்தி கைத்தொலைபேசிக் கேமராவை ஆயுதமாகக் கொண்டு போச்சோங், குந்திலானாக் முதலிய ஆவிகளை எதிர்கொள்கிறாள். குந்திலானாக் வேறு யாருமில்லை. நம் பக்கத்தில் பாட்டிமார் சொல்லி அடக்கிவைத்த பொந்தியானாக்தான்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டில் ஒன்றாக அச்சத்தை வைத்தார். அது பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. அந்தக் கரடிப் பொம்மையில் முதல் இரண்டும் கலந்திருக்கின்றன. மூன்றாவதைத் தடுக்கத்தான் காவலாளியே இருக்கிறான். நான்காவதில் பள்ளி ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது நம் கருத்து. ஏனென்றால், சபைகூடலில் நாம் பேசிய பேச்சுக்குப் பிறகு அந்த மாணவன் நம்மைக் கண்டாலே ஒதுங்கிப் போனான். கரடிக்கு அஞ்சியவன் இப்போது நமக்கும் அஞ்சினான்.

பள்ளி திறந்ததும் அவனைத் தனியே அழைத்தோம். அறிவுரை ஏதும் சொல்லவில்லை. "நான் ரெண்டாவது ராத்திரியிலேயே தோத்துட்டேன்டா" என்று மட்டும் சொன்னோம்.

அவன் முகம் மாறியது. "கதவை மூடியே வச்சிருந்தீங்களா சார்? அதான் கரண்டு போயிருக்கும்" என்றான். பிறகு பேச்சு தானாக வந்தது. அவன் நான்காவது இரவில் நின்றுபோயிருக்கிறான். அந்த விளையாட்டில் முன்பு வேலை பார்த்த காவலாளி ஒருவரின் குரல் ஒவ்வோர் இரவும் தொலைபேசிப் பதிவில் வரும். புதியவருக்கு வழி சொல்லும். நான்காவது இரவில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு இடிபடும் ஓசை கேட்கிறது. பேச்சு பாதியில் அறுந்துவிடுகிறது.

"எங்கப்பாவும் ஜாகாதான் சார்" என்றான் பையன்.

தோட்டத்தில் வேலை குறைந்தபின் அவன் தகப்பனார் பட்டணத்துத் தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவலுக்குப் போகிறார் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் இதை அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அப்பா மாலையில் மோட்டாரில் புறப்பட்டால் காலை ஏழரைக்குத்தான் திரும்புவார். அம்மா அசந்து தூங்கியபின் இவன் போர்வைக்குள், காதில் ஒலிவாங்கியைச் செருகிக்கொண்டு ஆடுவான். விளையாட்டில் காலை ஆறு மணி அடித்தால் பிள்ளைகள் ஆரவாரம் செய்யும் ஒலி கேட்கும். காவலாளி பிழைத்தான் என்று பொருள். "நான் ஆறு மணி வரைக்கும் போயிட்டா அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது சார்." தோற்ற இரவுகளில் மோட்டார் சத்தம் கேட்கும்வரை விழித்துக் கிடப்பான். வகுப்பில் தூங்கியது அதனால்தான்.

பயந்தால் நெஞ்சு படபடப்பதும் கை சில்லிடுவதும் அட்ரினலின் சுரப்பதால் என்று அறிவியல் பாடத்தில் சொல்லலாம். விளையாட்டு முடிந்ததும் அது அடங்கிவிடும். அந்த அடக்கத்தின் சுகத்துக்காகவே பெரியவர்கள் பணம் கொடுத்துப் பயப்படுகிறார்கள். இவனுக்கோ விளையாட்டு முடிந்தபின்தான் பயம் தொடங்கியது. அவனை நாம் சபையில் வைத்துக் கண்டித்திருக்கிறோம்.

தகப்பனாரை அழைத்துப் பேசினோம். வேலை முடிந்து சீருடையோடு நேரே பள்ளிக்கு வந்தார். கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். பிறகு சற்று நேரம் பேசவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்கும் சார். பின்பக்கம் ஸ்டோரைச் சுத்தி வர்றப்போ ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வச்சுக்குவேன்" என்றார். மகனிடம் அதைச் சொன்னதில்லையாம். பிள்ளைக்கு எதற்கு என்று விட்டுவிட்டாராம்.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் ஓரத்தில் அப்பனும் மகனும் உட்கார்ந்து பேசினார்கள். நாம் அப்பால் நகரப் பார்த்தோம். அவர் இருக்கச் சொன்னார். மகன் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டான். கேமரா எத்தனை? எட்டு. அதில் என்ன வரும்? பூனை வரும், முசாங் வரும், ஒரு முறை மலைப்பாம்பு வந்தது. கரண்டு போனால்? ஜெனரேட்டர் இருக்கிறது, டார்ச்லைட் இருக்கிறது. கதவு எத்தனை? ஒன்றுதான், அதுவும் புழுக்கம் தாங்காமல் திறந்தே கிடக்கும். எழுந்து நடக்க முடியுமா? நடக்காவிட்டால் மேலாளர் திட்டுவார். அந்தக் கடைசிப் பதிலில்தான் பையன் சிரித்தான்.

விளையாட்டை அவர் பிடுங்கவில்லை. பகலில், நடு வீட்டில், காதில் எதையும் மாட்டாமல் ஆடு. இரவு ஒன்பது மணிக்குக் கைத்தொலைபேசி அம்மாவிடம் போகட்டும் என்றார். அவர் சொன்னதைக் காட்டிலும் நல்ல யோசனை நம்மிடம் இல்லை. பெற்றோர் ஒரு முறையேனும் பக்கத்தில் உட்கார்ந்து, முடிந்தால் ஒலியைக் கூட்டியும் குறைத்தும் ஆடிப் பார்க்கலாம் என்பதையும், எந்த வயதுக்கு உரியது என்ற குறிப்பை வாங்குமுன் படிக்கலாம் என்பதையும் மட்டும் நாம் சேர்த்துக்கொள்கிறோம். வேலைக்குப் போகும்முன் அப்பா இப்போது மகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறாராம். நள்ளிரவுக்கு முன் ஒரு தடவை அம்மாவின் தொலைபேசிக்குக் குரல்பதிவும் அனுப்புகிறாராம். அதில் பின்னணியில் வானொலிப் பாட்டு கேட்கும் என்று அம்மா சொன்னார்.

சென்ற மாதம் அவன் ஐந்தாவது இரவையும் முடித்துவிட்டான். முடித்தால் திரையில் சம்பளக் காசோலை வரும்: ஐந்து இரவுக்கு 120 டாலர். அதை ரிங்கிட்டுக்கு மாற்றிக் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்திருக்கிறான். விடை சரியாகவே இருந்தது.

"அப்பா சம்பளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் சார்" என்றான். "ஆனா அங்க கரடி வேற இருக்கே."