போருக்கு வைக்கும் பெயர்கள்

(கம்மாபுரத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

 

பக்கத்தில் விருத்தாசலத்தில் பீங்கான் செய்கிறார்கள். வாங்குபவர் பளபளப்பைப் பார்த்து ஏமாறுவதில்லை. விரலால் சுண்டிப் பார்க்கிறார். விரிசலை ஓசை காட்டிக் கொடுத்துவிடும். ஒரு கோப்பைக்கே இந்தச் சோதனை என்றால், அரசுகள் போருக்கு வைக்கும் பெயர்களைச் சுண்டிப் பார்க்க வேண்டாமா?

கடலுக்கு அப்பால் இலங்கையைப் பாருங்கள். 1987 ஜூலை ஒப்பந்தப்படி நம் நாட்டிலிருந்து போன படைக்கு 'அமைதி காக்கும் படை' என்று பெயர். அக்டோபரிலேயே அது போரில் இறங்கியது. அதே மாதம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பி முடிந்தபோது நம் வீரர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரோடு இல்லை.

1995இல் சந்திரிகா அரசு யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்தது. அதற்குப் பெயர் 'சமாதானத்திற்கான யுத்தம்'!

2006இல் விடுதலைப் புலிகள் மாவிலாறு மதகை மூடினார்கள். விவசாயிகளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லி ராஜபக்சே அரசு தாக்குதலைத் தொடங்கியது. இடையில் சிக்கிய மூதூர் முஸ்லிம்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஆகஸ்டில் மதகு திறந்தது. போர் நின்றதா? 2009 மே வரை நடந்தது. இப்போது பெயர் 'மனிதாபிமான நடவடிக்கை'!

பெயரோடு கணக்கையும் பாருங்கள். 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களை வன்னியிலிருந்து வெளியேறச் சொன்னார்கள். பிறகு, அங்கே சுமார் 70,000 பொதுமக்கள்தான் இருக்கிறார்கள் என்றது அரசு. போர் முடிந்து முகாம்களில் அடைக்கப்பட்டவர்களோ 2,50,000க்கும் மேல்! எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னால், அனுப்பும் அரிசியும் மருந்தும் குறையும். வியாபாரிகளுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் மறைக்க வேண்டாம். 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை வீடு வாசலை விட்டு விரட்டியவர்கள் 'விடுதலை' என்று பெயர் வைத்துக் கொண்டவர்கள்தான்.

இளைஞர்களே! நாளை எந்த அரசு போர் முரசு கொட்டினாலும் கைதட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். சொன்ன காரணம் தீர்ந்தால் போர் நிற்குமா? சாட்சி சொல்லக்கூடியவர்களை அங்கே இருக்க விடுகிறார்களா? செத்தவர்களை எண்ணுவது யார்?

நம் நாடானாலும், நமக்குப் பிடித்த தரப்பானாலும் இதே கேள்விகள்தான். ஆளுக்கு ஆள் படிக்கல் மாற்றுகிறவனை நாம் வியாபாரி என்று சொல்வதில்லை.