ஊர் நலம் காப்போரின் மனநலம்

(ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவை பற்றி இம்முகாமில் நெடுநேரம் பேசினோம். இவை கண்ணுக்குப் புலனாகும் பணிகள். புலனாகாத ஒன்றையும் இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றோம். அஃது, நம் ஊர்களில் நோய் தடுக்கவும் மகப்பேறு காக்கவும் உழைப்போரின் மனநலமாகும்.

ஊரார் ‘நர்ஸம்மா’ என்று அழைக்கும் கிராமச் சுகாதாரச் செவிலியரை எண்ணிப் பாருங்கள். சமவெளியில் 5,000 மக்களுக்கும், மலைப்பகுதியில் 3,000 மக்களுக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது வகுக்கப்பட்ட அளவு. கருவுற்ற தாயைப் பதிவு செய்தல், தடுப்பூசி போடுதல், பிறந்த குழவியை வீடு சென்று காணுதல், குடும்ப நலம் பற்றி எடுத்துரைத்தல் ஆகியன அவர்தம் கடமைகள். செய்த பணி ஒவ்வொன்றையும் பதிவேட்டிலும் எழுத வேண்டும். கணினியிலும் ஏற்ற வேண்டும். பகல் முழுதும் நடந்தவர், இரவில் விளக்கருகே அமர்ந்து கணக்கெழுதுகின்றார். தம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், பிறர் பிள்ளையின் காய்ச்சலைக் காணவே முதலில் செல்கின்றார்.

ஊறும் நீருக்கு மேல் இறைத்தால் கிணறு வற்றும் என்பதை உழவருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. மனமும் அத்தகையதே. உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் தன் நோய் வகைப்பாட்டில், தணியாத பணி நெருக்கடியால் வரும் சோர்வு நிலையைத் தொழிலோடு தொடர்புடையதென விளக்கியது. அதற்கு மூன்று குறிகள் கூறப்பட்டுள்ளன: உடலும் உள்ளமும் களைத்துப் போதல்; செய்யும் தொழிலில் பற்று விட்டு வெறுப்புத் தோன்றுதல்; நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம் வேரூன்றுதல். இதனைத் தனி நோயென்று அந்நிறுவனம் கூறவில்லை. ஆயினும் கவனியாது விட்டால் உறக்கமின்மை, தீராத துயரம், அச்சம், ஆண் ஊழியரிடையே குடிப்பழக்கம் முதலியன தொடரக்கூடும். களைத்த மனத்தில் கவனம் நில்லாது. அதனால் விளையும் கேடு ஊரின் தாய்க்கும் சேய்க்குமே வந்து சேரும்.

வேலைப் பளுவைக் குறைப்பதும், காலியிடங்களை நிரப்புவதும் அரசினர் கடமை. ஆனால் சுமையின் ஒரு பகுதி ஊரிலேயே ஏற்றப்படுகின்றது. அதனை இறக்க ஊராரால்தான் இயலும்.

ஒரு தாய் மகப்பேற்றில் இறந்துவிட்டால் என்ன நிகழ்கின்றது? துயருற்ற குடும்பத்தார் செவிலியரையே முதலில் வைகின்றனர், கூட்டம் கூடுகின்றது. பல மாதம் அத்தாயின் வீட்டுக்கு நடந்தவரும் துயருற்றே இருக்கின்றார் என்பதை எவரும் நினைப்பதில்லை. தாய் இறப்பு பற்றிய விசாரணை, காரணத்தைக் கண்டு அடுத்த உயிரைக் காப்பதற்கென அமைந்தது. அது முடியும் முன்னர் ஊரார் தீர்ப்பு வழங்குதல் முறையன்று. குறையிருப்பின் ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்து வாயிலாகத் தெரிவிக்கலாம். அந்த உரிமை யாவர்க்கும் உண்டு.

கொரோனாக் காலத்தை நாம் மறத்தலாகாது. 2020 ஏப்ரலில், அந்நோயால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாது ஒரு கூட்டம் தடுத்தது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்க மத்திய அரசு அம்மாதமே அவசரச் சட்டம் பிறப்பித்தது. சட்டம் கல்லெறியும் கையைத் தடுக்கலாம். நன்றியைப் பிறப்பிக்க அதனால் இயலாது. அது ஊரார் மனத்தில் விளைய வேண்டிய பயிர்.

ஊராட்சிகள் செய்யக்கூடியவை எவை? துணைச் சுகாதார நிலையத்திற்குத் தண்ணீர், கழிப்பறை, வாயிலில் ஒரு தெருவிளக்கு ஆகியவற்றை முதலில் உறுதி செய்யுங்கள். இரவில் செவிலியரை அழைக்க நேர்ந்தால், துணைக்கு ஒரு பெண்ணை உடன் அனுப்புங்கள். அவசரத்திற்கு 108 வண்டி உண்டு. மறுநாள் கேட்கத்தக்க செய்திக்கு நள்ளிரவில் தொலைபேசியில் அழையாதீர்கள். கிராமச் சுகாதாரக் குழு கூடும்போது, “எத்தனை தடுப்பூசி போட்டீர்கள்?” என்று கேட்பதோடு, “உங்களுக்கு என்ன இடர்?” என்றும் கேளுங்கள். கிராம சபையில் அவரைக் கேள்வி கேட்கலாம், அவமதித்தல் கூடாது.

ஊழியர் ஒருவர் முன்போலன்றி எளிதில் சினந்தாலும், பேச்சைக் குறைத்தாலும், அடிக்கடி விடுப்பெடுத்தாலும், “வேலைக்கு வணங்காதவர்” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தனியே அழைத்துப் பரிவோடு கேளுங்கள். “வாழ்வே வேண்டாம்” என்று சொல்வாராயின் அதனை விளையாட்டாகக் கொள்ளலாகாது. அவரைத் தனியே விடாது, 14416 என்ற எண்ணுக்கு உடனே பேசச் செய்யுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த மனநல ஆலோசனைச் சேவை கட்டணமின்றி இரவும் பகலும் கிடைக்கின்றது. மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைக் காணலாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்க வேண்டும் என 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதிக்கின்றது. சிகிச்சை பெறுவோரைப் பழித்துப் பேசும் வழக்கத்தை அடியோடு விட்டொழிக்க வேண்டும். மனத்திற்கு மருந்துண்பது, காய்ச்சலுக்கு மருந்துண்பதினும் இழிந்ததன்று.

அன்பர்களே! ஏருழும் எருதுக்கும் நண்பகலில் நுகத்தடியை அவிழ்த்து நிழலில் கட்டுகின்றோம். நம் குழந்தைகளுக்கு முதல் தடுப்புமருந்தை ஈந்த கைகளுக்கு அந்த நிழலையேனும் தருதல் நம் கடனன்றோ? அடுத்த கிராம சபையில் இதனை ஒரு பொருளாக வைத்து விவாதியுங்கள். துணைச் சுகாதார நிலைய வாயிலில் விளக்கு எரிகின்றதா என்று இன்றிரவே சென்று பாருங்கள். அங்கிருந்தே நம் பணி தொடங்கட்டும்.