மேலிடத்து உத்தரவும் ஊழியரின் பொறுப்பும்



தொழிற்சாலையிலோ மோட்டார்த் திருத்தகத்திலோ வேலை பார்க்கும் ஒருவர், "மேலிடத்தார் சொன்னார்கள், செய்தேன், குற்றம் என்னைச் சாராது" என்று எண்ணுதல் இயல்பே. சட்டத்தின் முன் அவ்வெண்ணம் எத்துணை தூரம் செல்லும் என்பதை வொக்ஸ்வாகன் வழக்கைக் கொண்டு இன்று நோக்குவோம்.

டீசல் எந்திரப் புகையில் நைதரசனொட்சைட்டுகள் உள. சுவாசப்பையைத் தாக்கும் நச்சு வாயுக்கள் இவை. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் இவற்றுக்கு ஓர் எல்லை வகுத்ததோடு, அவ்வெல்லையைக் காக்கும் சாதனங்களைச் செயலிழக்கச் செய்வதையும் தடுத்தது. அவ்வெல்லைக்குள் நிற்க இயலாத கம்பனியின் பொறியியலாளர் ஒரு தந்திரம் செய்தனர். சில்லுகள் சுழலச் சுக்கான் மட்டும் அசையாதிருந்தால், வண்டி பரிசோதனைக் கூடத்தில் நிற்கிறது என்பதை உள்ளிருக்கும் கணினி உணர்ந்துகொள்ளும். அப்பொழுது தடுப்புச் சாதனம் முழுமையாக இயங்கும். தெருவில் இறங்கியதும் தளர்ந்துவிடும். முன்னாளில் வித்தியாதரிசி வரும் தினத்தில் மாத்திரம் சுவருக்கு வெள்ளையடித்த பாடசாலைகளை நாம் அறிவோம். ஆனால் இங்கே வெளிப்பட்ட நஞ்சு எல்லையைப் போல் 40 மடங்கு வரை சென்றது.

2014இல் மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் அளவுகருவிகளை வண்டியிலேயே ஏற்றித் தெருவில் ஓட்டிப் பார்த்தமையால் வேறுபாடு தெரியவந்தது. ஓராண்டுக்கு மேல் சாக்குப்போக்குச் சொன்ன கம்பனியின் செயல் 2015 செப்டெம்பரில் அம்பலமாயிற்று. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளில் அந்தத் தந்திரம் இருந்தது.

2017இல் கம்பனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 280 கோடி டொலர் குற்றப்பணம் செலுத்த இணங்கியது. கம்பனியைச் சிறையிலடைத்தல் இயலாது; மனிதரை அடைக்கலாம்.

ஜேம்ஸ் லியாங் என்பவர் 1983 முதல் அக்கம்பனியிற் பணியாற்றிய பொறியியலாளர். தந்திரத்தை அமைத்தோருள் ஒருவர். குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டு, புலனாய்வுக்கும் உதவினார். அரசதரப்பு 3 ஆண்டுச் சிறையே கேட்டது. நீதிமன்றமோ 2017 ஓகஸ்டில் 40 மாதச் சிறையும் 2 இலட்சம் டொலர் தண்டமும் விதித்தது.

ஒலிவர் ஷ்மிட்டின் நிலை இன்னும் சிந்தனைக்குரியது. அவர் தந்திரத்தை அமைத்தவரல்லர். கலிபோர்னிய அதிகாரிகளிடம் உண்மையை மறைத்தமையே அவர் செய்த குற்றம். 2017 ஜனவரியில், விடுமுறை முடிந்து ஜேர்மனிக்குத் திரும்பும் வேளையில், மயாமி விமான நிலையத்திற் கைதானார். மேலதிகாரிகள் இணங்கித் தந்த பேச்சுக்குறிப்பையே தாம் பின்பற்றியதாகவும், கம்பனி தம்மைத் தவறாகப் பயன்படுத்தியதாகவும் நீதிபதிக்கு எழுதினார். அவ்வாண்டு டிசெம்பரில் அவருக்குக் கிடைத்தது 7 ஆண்டுச் சிறையும் 4 இலட்சம் டொலர் தண்டமும்.

கடல் கடந்து நிற்பதும் காப்பாகவில்லை. 2025 மே மாதத்தில் ஜேர்மனியின் பிரவுன்ஷ்வைக் நீதிமன்றம் கம்பனியின் முன்னாள் அலுவலர் நால்வரை மோசடிக் குற்றவாளிகளெனத் தீர்த்தது. இருவருக்குச் சிறை, மற்றை இருவருக்கு ஒத்திவைத்த சிறைத்தண்டனை.