தன் கையால் நிரப்பிய தோட்டா



கடையிற் காசு கொடுத்தால் உடனே கைக்கு வந்துவிடும் ஒரு பொருளை, ஒருவர் மாலைதோறும் மேசை முன் அமர்ந்து, தராசின் முள்ளை உற்றுநோக்கி, மணிக்கணக்கிற் பாடுபட்டுத் தாமே செய்துகொள்வாராயின் அவரைப் பற்றி நாம் என்ன நினைப்போம்? கடுஞ் சிக்கனக்காரர் என்போம். அல்லது வேறு வேலை இல்லாதவர் என்போம். ஐக்கிய அமெரிக்க நாடுகளிலே இத்தகையோர் பெருந் தொகையினராய் உள்ளனர். அவர்கள் செய்துகொள்ளும் பொருள் துப்பாக்கித் தோட்டா. இலக்கு நோக்கிச் சுடுதலையும் வேட்டையையும் பொழுதுபோக்காகக் கொண்ட அவர்கள், சுட்டபின் எஞ்சும் வெறுங்கோதுகளைப் பொறுக்கி வந்து, மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துகின்றனர். அவர்கள் ஏன் இவ்வாறு செய்கின்றனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

துப்பாக்கி என்பது நம் செவிக்கு இனிய சொல்லன்று. அதனால் விளைந்த துயரை இந்நாட்டார் நன்கு அறிவர். அமெரிக்க மக்களும் அறிவர். ஆகவே அதன் புகழ் பாட நான் முன்வரவில்லை. ஆயினும், ஒரு சிறு பொருளைச் செவ்வையாகச் செய்ய வேண்டும் என்ற வேட்கை மனிதனை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு இப்பொழுதுபோக்கு ஒரு நல்ல சான்று. அவ்வகையில் அதனை ஆராய்தல் தகும்.

முதலில் தோட்டாவின் அமைப்பைப் பார்ப்போம். அதற்கு உறுப்புகள் நான்கு. முன்னே பாய்ந்து செல்வது சன்னம். அதனைத் தள்ளுவது வெடிமருந்து. அம்மருந்துக்குத் தீ மூட்டுவது, அடிப்புறத்தே பொருத்தப்பட்டுள்ள பிரைமர் என்னும் சின்னஞ்சிறு கிண்ணம். இம்மூன்றையும் தன்னுள் அடக்கி நிற்பது பித்தளைக் கோது. சுட்டவுடன் சன்னம் போய்விடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, பிரைமரும் பயனற்றதாகிறது. கோது மாத்திரம் எஞ்சுகிறது. நான்கனுள்ளும் பெரும்பாலும் விலை கூடியது அதுவே. வெடிப்பின் வேகத்தால் அது சிறிது விரிந்திருக்கும். உருக்கு அச்சொன்றினுள் அழுத்தினால் பழைய அளவுக்கு வந்துவிடும். பின்னர்ப் புதிய பிரைமர், புதிய மருந்து, புதிய சன்னம் ஆகியவற்றைப் பெற்று, அக்கோது மறுபடியும் தோட்டாவாகிறது. நல்ல கோது இவ்வாறு பன்முறை உழைக்கும்.

இவ்வழக்கம் வறுமையிலும் தனிமையிலும் பிறந்தது. 1870ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பெருஞ் சமவெளிகளிலே காட்டெருமைகளைப் பெருந்தொகையாக வேட்டையாடியோர் கடைகளுக்கு நெடுந்தொலைவில் வாழ்ந்தனர். ஈயக் கட்டியையும் கரிமருந்தையும் வண்டியில் ஏற்றிச் சென்று, இரவிலே தீயின் அருகில் ஈயத்தை உருக்கிச் சன்னம் வார்த்து, பகலிற் சுட்ட கோதுகளை மறுநாளைக்கு நிரப்பினர். 1884இல் ஜோன் பார்லோ என்பவர், கனெற்றிக்கற் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் ஐடியல் என்னும் தொழிலகத்தைத் தொடங்கி, குறடு போன்ற சிறு கருவிகளை விற்கலானார். குதிரைச் சேணப் பையில் அடங்கத்தக்க அக்கருவி தோட்டாவைப் புதுப்பிக்கப் போதுமானதாயிருந்தது.

இவ்விடத்து ஒரு வேடிக்கையைக் கூறாது செல்ல முடியவில்லை. 1866ஆம் ஆண்டிலே இரு கேணல்கள் இருவகைப் பிரைமர்களை அமைத்தனர். ஒருவர் அமெரிக்கரான பேர்டன். மற்றவர் ஆங்கிலேயரான பொக்ஸர். பேர்டன் முறையிலே தீ செல்லும் துளைகள் கோதின் நடுவில் இல்லாமல் பக்கமாய் இருக்கும். ஆதலின் பழைய பிரைமரை எடுத்தல் கடினம். பொக்ஸர் முறையிலோ நடுவே ஒரே துளை; ஓர் ஊசியைச் செலுத்தித் தள்ளினால் பழைய பிரைமர் எளிதில் வெளியே விழும். அமெரிக்கரின் கண்டுபிடிப்பை ஐரோப்பா எடுத்துக்கொண்டது. ஆங்கிலேயரின் கண்டுபிடிப்பை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. மறுநிரப்பற் கலை அமெரிக்காவில் இத்துணை செழித்தமைக்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணமாகும்.

இனி, காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். 'ஏன் நீரே நிரப்புகின்றீர்?' என்று கேட்டால் முதலில் வரும் விடை 'செலவு குறைவு' என்பதே. ஒரு தோட்டாவை மாத்திரம் கணக்கிட்டால் அது பெரும்பாலும் உண்மை. ஆனால் அழுத்துபொறி வேண்டும், அச்சுகள் வேண்டும், நுண்ணிய தராசு வேண்டும். இவற்றையெல்லாம் வாங்கியவர், மலிவாகக் கிடைக்கிறதே என்று முன்னிலும் மிகுதியாகச் சுடத் தொடங்குவார். தாம் மிச்சம் பிடித்தது பணமன்று, கூடுதலாகச் சுட்டதே மிச்சம் என்று அவர்களே நகைத்துக்கொள்வதுண்டு.

இரண்டாவது காரணம் தட்டுப்பாடு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நல்ல சன்னங்கள் கிடைப்பது அரிதாயிற்று. கலிபோர்னியாவின் ஒரோவில் என்னும் ஊரிலே பிரெட் ஹண்டிங்ரன் என்பவர், வீசியெறியப்பட்ட 22 காலிபர்த் தோட்டாக் கோதுகளையே சன்னத்தின் மேலுறையாக மாற்றும் அச்சொன்றை அமைத்தார். 1943இல் அவர் தொடங்கிய ஆர்.சீ.பீ.எஸ். என்னும் தொழிலகம் பின்னாளில் இக்கருவிகளுக்குப் பெயர்பெற்றது. போர் முடிந்த பின்னர், கன்சாஸ் மாநிலத்துப் புரூஸ் ஹொட்ஜ்டன் அரசின் எஞ்சிய வெடிமருந்தைப் பெருமளவில் வாங்கி, சிறுசிறு அளவாகப் பொழுதுபோக்காளருக்கு விற்றார். மீண்டும் 2020, 2021 ஆண்டுகளில், பெருந்தொற்றுக் காலத்திலே, அமெரிக்கக் கடைகளில் தோட்டாக்கள் அருகின. முன்கூட்டியே பொருள் சேர்த்து வைத்தோர் தம் பயிற்சியைத் தொடர்ந்தனர். ஆனால் அப்பொழுது பிரைமருக்கும் பெருந்தட்டுப்பாடு நேர்ந்தது. ஆகவே தானே நிரப்புவோனும் தொழிற்சாலையைச் சாராதவன் அல்லன்.

மூன்றாவது காரணமே முக்கியமானது. அது நுண்மை பற்றியது. தொழிற்சாலை ஆக்கும் தோட்டா, அவ்வகைத் துப்பாக்கி எதனுள்ளும் இடரின்றி நுழைதல் வேண்டும். எவர் செய்த துப்பாக்கியாயினும் சரியே. ஆதலின் அதன் அளவு சற்றுத் தளர்வாகவே இருக்கும். கடையிலே தொங்கும் சட்டை பலருக்கும் பொருந்தும். ஒருவருக்கும் முற்றாகப் பொருந்தாது. தையற்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டையோ ஒருவருக்கே உரியது. மறுநிரப்புவோர் தம் துப்பாக்கிக்கு அளவெடுக்கின்றனர். ஒரே தொழிலகத்தில் ஒரே நாளிற் செய்த இரு குழல்களும் ஒரே மருந்தளவை விரும்புவதில்லை. எந்த அளவை எது விரும்புகிறது என்று தேடிக் காண்பதிலே மாதங்கள் கழிகின்றன.

அவர்கள் மருந்தை நிறுக்கும் அளவு கிறெயின். ஓர் இறாத்தலில் 7,000 கிறெயின் உண்டு. அந்தக் கிறெயினிலும் பத்திலொரு பங்கு வரை அவர்கள் நிறுக்கின்றனர். நம் பொற்கொல்லர் பொன்னை நிறுத்த குன்றிமணியின் எடை ஏறத்தாழ 2 கிறெயின் என்றால், இவர்களுடைய கணக்கின் நுண்மையை நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இத்தேடலில் தலைசிறந்து நின்றவர் மசசூசெற்ஸ் மாநிலத்து மில்பேட் நகரில் வாழ்ந்த பிராங்கிளின் மான் என்பவர். மருத்துவம் பயின்ற அவர், ஒரே குழலிலிருந்து ஒரே வகையாகச் சுட்ட சன்னங்கள் ஏன் ஒரே துளையிற் சென்று சேர்வதில்லை என்னும் ஐயத்துக்குப் பல்லாண்டுகளை ஈந்தார். மனிதக் கையின் நடுக்கம் குறுக்கிடாதவாறு, அசையாத தாங்கியின்மேற் குழலைக் கிடத்திச் சுட்டார். சன்னங்களை வேண்டுமென்றே பழுதுபடுத்தியும் சுட்டார். மூக்குச் சிதைந்த சன்னம் பெரும்பாலும் நேரே சென்றது. அடிப்புறத்திற் சிறு பழுதுற்ற சன்னமோ இலக்கைவிட்டு விலகியது. கண்ணுக்குத் தெரியும் கூர்முனை அன்று, எவரும் நோக்காத அடிப்பாகமே வழியைத் தீர்மானிக்கிறது என்பதை இவ்வாறு கண்டார். தம் சோதனைகளை 1909இல் நூலாக வெளியிட்டார். தாமே நிரப்பாத ஒருவரால் இத்தகைய ஆராய்ச்சியைத் தொடங்கவே இயலாது.

இவர்களுடைய முயற்சி தொழிற்சாலைகளுக்கும் வழிகாட்டியதுண்டு. 22-250 எனப்படும் தோட்டா, பல்லாண்டுகள் பொழுதுபோக்காளர் தம் வீட்டில் உருவாக்கிப் பயன்படுத்தியது. 1965இல் றெமிங்ரன் நிறுவனம் அதனை ஏற்று விற்பனைக்கு விட்டது. 1970ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலே, லூயிஸ் பல்மிசானோ என்னும் அறுவை மருத்துவரும் பெரிஸ் பின்டெல் என்னும் கருவித் தொழிலாளரும் கூடி, 6 மில்லிமீற்றர் பீ.பீ.சீ. என்ற குட்டையான தோட்டாவை அமைத்தனர். மேசைமேல் துப்பாக்கியைத் தாங்க வைத்துச் சுடும் நுண்மைப் போட்டிகளில் அது பெருவெற்றி ஈட்டியது. அப்போட்டிகளுக்குச் செல்வோர், ஒரு சுற்று முடிந்து மறு சுற்றுத் தொடங்குமுன், அங்கேயே அமர்ந்து தம் கோதுகளை மீண்டும் நிரப்பிக்கொள்வதைக் காணலாம்.

இவ்வளவும் இன்பமான பக்கம். இதற்கு மறுபக்கமும் உண்டு. புகையற்ற மருந்து எரியும்போது, வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றில் ஒரு சதுர அங்குலத்தின்மேல் 50,000 இறாத்தலுக்கு மேற்பட்ட அமுக்கம் எழுகிறது. சுடுபவரின் கன்னம் அதிலிருந்து சில அங்குலம் தள்ளியே இருக்கிறது. ஒரு மருந்துக்குப் பதிலாக வேறொரு மருந்தை இட்டாலும், பேச்சுப் பராக்கில் ஒரு கோதினுள் இருமுறை மருந்து கொட்டினாலும், துப்பாக்கி சிதறும். கண்ணோ கையோ உயிரோ போகும். ஆகையால் பொறுப்புள்ளோர் சில விதிகளை விரதம்போற் காக்கின்றனர். மேசையின்மேல் ஒரு நேரத்தில் ஒரு மருந்தே இருக்க வேண்டும். அச்சிட்ட கைந்நூலிற் கண்ட அளவை மீறலாகாது. புகை பிடித்தல் ஆகாது. நிரப்பிய கோதுகள் அனைத்தையும் விளக்கொளியில் மீண்டும் பார்த்தல் வேண்டும். ஈயம் நஞ்சாதலின், வேலை முடிந்ததும் கைகழுவாமல் உணவைத் தொடலாகாது. களைத்த வேளையிலும் சினம் கொண்ட வேளையிலும் அந்த மேசையை அணுகவே கூடாது.

இவ்விதிகளை எண்ணிப் பார்க்கையில், முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை புலப்படுகிறது. கடையில் வாங்கிய தோட்டாவாற் சுட்டு இலக்குத் தவறியவர், தோட்டா சரியில்லை என்று சொல்லி ஆறுதல் பெறலாம். தாமே நிறுத்து, தாமே நிரப்பி, பெட்டியின்மேல் நாளும் அளவும் எழுதி ஒட்டியவருக்கு அந்தப் புகலிடம் இல்லை. குறி தவறினும், குழல் வெடிப்பினும், கணக்கு அவரிடமே வந்து நிற்கும். தம் பிழையைப் பிறர்மேற் சாற்ற முடியாத அந்த நிலையையே அவர்கள் விரும்பித் தேடிக்கொள்கின்றனர். பணச் சிக்கனமும் தட்டுப்பாடும் அவர்களை அம்மேசைக்கு அழைத்து வரலாம். அங்கே அவர்களை இருத்திவைப்பது இதுவே.

நம்மில் மிகப் பெரும்பாலோர் தோட்டாவைத் தொடப் போவதில்லை, தொடவும் வேண்டா. ஆயினும் கடையில் வாங்கக்கூடிய எதையேனும் தன் கையாற் செய்து, அதன் நிறைகுறைக்குத் தானே பொறுப்பேற்கும் ஒருவரை அயலிற் கண்டால், அவரை வேலையற்றவர் என்று நாம் எளிதிற் கூறிவிடலாகாது.